தவணையில் வந்தவர்

லிஃப்ட் மெக்கானிக்கின் நிழல் பல்செட்டுக்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மெக்கானிக் பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போனால் எட்டும் தூரத்தில், இன்னொரு ஊரில், ஒரு துணிக்கடை லிஃப்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நிழல் மாடிப்படி ஏறி வந்து, ஹாலில் ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியின் அடியில் இடம் பிடித்தது. பல்செட்டுக்காரி அதை மிதிக்காமல் சுற்றிப் போய், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அவளுக்கு இது பழகிப்போன சங்கதி. முதலில் செருப்புச் சத்தம் வந்தது, அப்புறம் கிரீஸ் வாசனை, அதற்கப்புறம் ஒரு இருமல். நிழலும் வரும் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வரிசை பார்த்து, ஒன்றிரண்டை வேண்டுமென்றே லேசாகக் கோணலாக்குவாள். எல்லாம் நேராக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அப்படி முடித்த ஒரு செட்டைப் போட்டோ எடுத்து முகநூலில் போட்டாள். முன்பின் தெரியாத ஒருவர், 'சிரிக்குதே, யார் ஜோக் சொன்னாங்க?' என்று கீழே எழுதினார். 'நான்தான். இங்க வேற யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க' என்று இவள் பதில் போட்டாள். ஆரம்பம் அவ்வளவுதான். காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். இந்தக் காதலுக்குப் பல் மட்டும் இருந்தது.

பேச்சு தனி மெசேஜுக்கு மாறிய முதல் வாரத்திலேயே அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். 'எனக்கு வாய் திக்கும். அதனால போன் பண்ண மாட்டேன். டைப் அடிச்சா திக்காது.' அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. வயதுக் காலத்தில் மூன்று இடங்களிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். மூன்று பேரும் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு, 'போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று எழுந்து போனார்கள். சொல்லியும் அனுப்பவில்லை, அனுப்பியும் சொல்லவில்லை. தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்து, அவன் குடும்பத்தோடு இருந்து, நாற்பதும் தாண்டிய பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஆள் வந்தால்தானே போவார், வராமலே இருக்கட்டும். வார்த்தை மட்டும் வந்தால் போதும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் மினுங்கினால் கை தானாக மெழுகை விட்டு எழும். அதை ஆசை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு பெயர் கிடையாது.

அவர் ஒவ்வொரு முறையும் பேச்சை 'சரி, வரேன்' என்றுதான் முடிப்பார். நம்மில் யார் கிளம்பும்போது போறேன் என்று சொல்கிறோம்? போவதைத்தான் வரேன் என்கிறோம், கேட்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். மெக்கானிக்கும் பழக்கதோஷத்தில்தான் எழுதினார். ஆனால் அவர் விஷயத்தில் அந்த வார்த்தை சும்மா போகவில்லை. வரேன் என்ற ஒவ்வொரு நாளும் அவரிடமிருந்து கொஞ்சம் கிளம்பி நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அவருடைய அக்கா, 'பூனை மாதிரி வர்றியேடா, வந்தது போனது தெரிய மாட்டேங்குது' என்று குறைப்பட்டாள். இவர்கள் இரண்டு பேரும் முதலில் அதைக் கண்டு சிரித்தார்கள். 'என் இருமலைக் காணோம்' என்று அவர் எழுதுவார். 'இங்கதான் இருக்கு, காலையில இருந்து இருமிட்டே இருக்கு. வெந்நீர் வெச்சேன்' என்று இவள் எழுதுவாள். சில குடும்பங்களில் இருபது வருஷம் ஆனாலும் இவ்வளவு கரிசனம் கிடையாது.

சிரிப்பு நின்றது எடை வந்த அன்று. பிரம்பு நாற்காலி ஆளில்லாமலே பள்ளமாகி, கிறீச்சென்று சத்தம் போட்டது. அதே நேரம் அங்கே அவர் சோதனைக்காக லிஃப்டில் ஏறி நிற்க, உள்ளே யாரும் இல்லை என்று பலகை காட்டியது. குதித்துப் பார்த்தார். இல்லை என்றால் இல்லைதான். எடையில்லாத ஆளை வேலையில் வைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார் சூப்பர்வைசர். கெட்ட மனிதரில்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறதே. மாசக் கடைசி வரை பார்க்கலாம் என்றார். மெக்கானிக் யோசித்து யோசித்து, போனதெல்லாம் திரும்பி வரட்டும் என்று, ஒரு மத்தியானம் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லக்கூடாத அந்த வார்த்தையை எழுதினார்: 'போறேன்.'

பல்செட்டுக்காரி வீட்டில் நாற்காலி நிமிர்ந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று, வாசனையும் நிழலும் பின்னாலேயே போயின. இருமல் மட்டும் வாசலில் கொஞ்சம் தயங்கியது. ஆனால் போறேன் என்பதில் எங்கே என்று இல்லையே. எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. நெடுஞ்சாலை டீக்கடையில் ஒரு தனி நிழலைப் பார்த்ததாக லாரி டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். தன் ஊரில் மெக்கானிக் நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே போனார். காற்று அடிக்கும் நாட்களில் அக்கா அவரை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். 'உங்ககிட்ட இருந்து கிளம்பினது எதுவும் இங்க வரலை. கை தெரியுது, கைக்குப் பின்னால இருக்கிற சுவரும் தெரியுது' என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் அன்று ஒரு கிழவருக்கான செட்டில் கடைவாய்ப்பல்லை முன்னால் நட்டுவிட்டாள்.

தம்பி மனைவிக்கு எல்லாம் தெரியும். பேசாமல் இருந்தவள் அன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணி, அவர் தினம் வரேன் வரேன்னு சொன்னாரே, நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"சரின்னு."

"சரியா? வரேன்னு சொல்றவங்களுக்கு யாராவது சரின்னு சொல்வாங்களா? வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிடுமா? அழையாத வீட்டுக்கு மனுஷன் எப்படி முழுசா வருவார், பாதி பாதியாத்தான் வருவார்."

"வந்துட்டுப் போயிட்டா?"

"இப்ப மட்டும் என்ன, போகாமலா இருக்கார்? கரைஞ்சே போறார்."

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். மூன்று எழுத்துதான். அதை அடிக்க அவளுக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. அடித்தாள், அழித்தாள், அடுப்பைத் துடைத்தாள், மறுபடி அடித்தாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே அனுப்பினாள்: 'வாங்க.'

மறுநாள் விடியற்காலையிலேயே அவர் பஸ் ஏறினார். கண்டக்டர் கண்ணுக்கு அவர் தெரியாததால் டிக்கெட்டுக்குத் தானே காசை நீட்டித் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. டீக்கடை நிறுத்தத்தில் நிழல் ஏறியது. அடுத்த ஊரில் செருப்புச் சத்தமும் கிரீஸ் வாசனையும் ஏறின, பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைசித் திருப்பத்தில் எடை ஏறியபோது பஸ் இடது பக்கம் சாய்ந்தது, டிரைவர் திட்டினார். வீட்டுக் கதவை அவளே திறந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட நெற்றி பெரிசு. அவர் வாயைத் திறந்தார். வ என்று ஆரம்பித்து, வ என்றே நின்றது. தம்பி எட்டிப் பார்த்தான், கீழ்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை, வார்த்தையை எடுத்தும் கொடுக்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. கடைசியில் முழுசாக வந்தது.

"வ… வந்துட்டேன்."

"தெரியுது" என்றாள் அவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. தம்பி அவரை மாமா என்று கூப்பிடப் பழகினான். இந்த ஊரிலும் லிஃப்டுகள் பழுதாகிக்கொண்டுதான் இருந்தன, வேலைக்குக் குறைவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போது அக்காவிடம் வரேன் என்று சொல்லிவிட்டு வந்ததால் இருமல் மட்டும் அங்கே போய்த் தங்கிவிட்டது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று அக்கா அதை வைத்துக்கொண்டாள். இங்கே தினமும் காலையில் அவர் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வரேன் என்கிறார், அவள் வாங்க என்கிறாள். ஆள் தெருமுனை திரும்புவதற்குள் நிழல் வந்து நாற்காலியடியில் உட்கார்ந்துகொள்கிறது. வீடு கூட்டும்போது தம்பி மனைவி, "அண்ணா, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்கிறாள். நிழல் காலைத் தூக்கிக்கொள்கிறது, அவள் கூட்டி முடித்ததும் இறக்கிக்கொள்கிறது.