சந்தனம் பட்ட கிலோ

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரத்து மாடியொன்றில் தராசுகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற ஆய்வுகூடம் இருக்கிறது. அங்கே உதயகலாவின் கையெழுத்துக்குத் தனி மவுசு. அவள் கையெழுத்து வைத்த தராசில் நிறுத்த கிலோ ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலும் கிலோதான். நாடுகள் தங்களுக்குள் அப்படி ஒப்புக்கொண்டிருக்கின்றன. சான்றிதழின் மூலையில் அதற்கொரு முத்திரையும் உண்டு. அத்தனைக்கும் ஆதாரம் மரப்பெட்டிக்குள் இருக்கிற பன்னிரண்டு உருக்கு எடைக்கற்கள். வெறுங்கையால் தொடக்கூடாது. மூச்சுக்கூடப் படக்கூடாது.

திங்கட்கிழமை, ஒரு கிலோக் கல்லின் கழுத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். சந்தனம்.

முதலாளி சுபாஸ்கரன் ஒளிக்கவில்லை. "போன கிழமை வாணிவிழாப் பூசைக்கு வைச்சனான். எங்கடை தொழிலுக்கு உதுதானே ஆயுதம்? தேசிக்காயும் சாம்பலும் போட்டு வடிவாத் தேய்ச்சுக் கழுவித்தான் வைச்சனான். பிறகு துடைச்சும் விட்டனான்."

கையுறை இல்லாமல் பெட்டியைத் திறந்ததற்காக ஒருவனை வேலையை விட்டே கலைத்த மனிசன். பக்தி வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும் போலும். உதயகலா பூசையன்று மாமனாரின் அந்தியேட்டிச் சடங்குக்காகக் கீரிமலை போயிருந்தாள்.

அவளுடைய ஆத்திரம் தன் மேலும்தான். மறுநாள் வேலைக்கு வந்து, அதே கல்லை வைத்து, இணுவில் குணலட்சுமியின் தராசைச் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தாள். அவசரத்தில் சந்தனம் கண்ணில் படவில்லை. குணலட்சுமி முருங்கையிலைத் தூள் ஏற்றுமதி செய்யத் தொடங்கியிருப்பவள். அவளுடைய முதல் கொள்கலன் புதன்கிழமை கொழும்பில் கப்பலேற இருந்தது.

"தேய்ச்சதிலை ஒரு கடுகளவு குறைஞ்சிருக்குமோ? ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் சுபாஸ்கரன்.

"எனக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை," என்றுவிட்டு உதயகலா தொலைபேசியை எடுத்தாள்.

சான்றிதழ் செல்லாது என்றதும் குணலட்சுமி வாய்க்கு வந்தபடி ஏசினாள். கொள்கலன் நின்றது. கற்கள் மறுபடி நிறுத்துப் பார்க்கக் கொழும்புக்குப் போயின.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. குறைந்தது மயிரிழைதான், எல்லாக் கற்களும் அனுமதித்த எல்லைக்குள்ளேயே இருந்தன. சுபாஸ்கரன் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "உதை அவவுக்குச் சொல்லிப் புண்ணைக் கிண்டாதையும்."

நல்ல புத்திமதிதான். உதயகலாவுக்கு முதல் முறை சொன்னதைவிட இதைச் சொல்வது கடினமாக இருந்தது. ஆனாலும் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, கல்லுகள் சரியாத்தான் இருந்திருக்கு."

"அப்ப என்ரை சாமான் சும்மாதான் நிண்டதோ?"

"ஓம் அக்கா."

"நான் கேக்காமலே ஏன் உதைச் சொல்லுறீர்?"

உதயகலா கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

"நாளைக்குத் தராசை அனுப்பிறன்," என்றாள் குணலட்சுமி. குரலில் கோபம் ஆறவில்லை. "நீர்தான் பாக்கவேணும். உம்மடை கையெழுத்து இல்லாட்டி எனக்கு வேண்டாம்."