கணக்கில் இல்லாத சலவை இயந்திரம்

1

இந்தக் கதை என் அக்காவின் எரிச்சலில் பிறந்தது. அவள் சலவைக்கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வேறு சின்ன இடத்துக்கு மாற வேண்டும். அங்கே நுழையாத பெரிய இயந்திரத்தை விற்றுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். விற்றால் வரி உண்டு என்று ஆடிட்டர் சொன்னதும் என்னை அழைத்து, “நீ கதை எழுதுறவதானே, இதை எழுது” என்றாள்.

எழுதினேன்: ‘மழை விடாமல் பெய்த அந்த மாலையில், இயந்திரம் தன் கடைசி’—

அடித்துவிட்டேன். மழையும் இல்லை, இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

2

(வரி என்றதும் ஓடாதீர்கள், நாலு வரிதான். இயந்திரம் வாங்கிய விலையை ஆண்டுதோறும் தேய்மானம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் கழித்து, அக்கா வரியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். இப்போது முழுதும் கழிந்துவிட்டது. துணி துவைக்கிற இயந்திரத்துக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். ஆகவே விற்று வருவது அத்தனையும் லாபம், அத்தனைக்கும் வரி.)

3

வாங்க வந்தவர் ஒரு விடுதிக்காரர். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கித் தங்கப்பல்லும் வைத்தேன். அவர் தன் விடுதிப் போர்வைகளைக் கொண்டுவந்து துவைத்துப் பார்த்த பிறகே விலை பேசிய நிதானக்காரர் என்று அக்கா சொன்னாள். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

விலை படிந்தது. பில்லில் பாதி போட்டால் போதும், மீதியைக் கையில் தருகிறேன் என்றார். அத்தானுக்கு முகம் மலர்ந்தது. வரி பாதியாகும், மெயின் ரோட்டில் அவர் பார்த்துவைத்திருந்த கடைக்கும் முன்பணம் தேறும்.

அக்கா அத்தானைப் பார்த்தாள்.

“இத்தனை வருஷம் இந்த மிஷினைக் காட்டித்தானே வரியைக் குறைச்சேன். கட்டுற நேரம் வந்தா ஒளிஞ்சுக்கவா?”

எல்லாரும் செய்வதுதானே என்று அவர் முணுமுணுத்தார். அவள் விடுதிக்காரர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கும் நஷ்டம்தாங்க. பில்லுல பாதி போட்டா, பாதிக்குத்தான் நீங்க தேய்மானம் கழிக்கலாம். மீதி உங்க கணக்குல எங்கேயுமே இருக்காது.”

4

இங்கே எனக்குக் கை ஓடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். நெகிழ்ந்துபோய்க் கூடுதலாகக் கொடுப்பதாக இன்னொன்று. (இரண்டாவதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

நடந்தது வேறு. வெளியே போய்த் தன் கணக்கரிடம் பேசிவிட்டு வந்தார். முழு விலைக்கே பில் போடச் சொன்னார். வண்டிக்கூலியை மட்டும் அக்கா தலையில் கட்டினார்.

வரிக்கு எடுத்துவைத்தது போக மிஞ்சியது மெயின் ரோட்டுக்கு எட்டவில்லை. பின்சந்தில் ஒரு அறை பிடித்தாள். அத்தான் சில நாள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. பிறகு தானாகவே வாளியோடு வந்து வெள்ளையடித்தார்.

5

‘வாடிக்கையாளர்கள் அந்தச் சந்துக்கும் தேடி வந்தார்கள்’ என்று முடித்திருந்தேன். அக்கா அதன் மேல் கோடு போட்டாள்.

“வராதவங்களை வந்ததா எழுதாதே. கடை திங்கட்கிழமைதான் திறக்குது.”

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் அழுக்குத்துணி இருக்கும். சந்து குறுகல், மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.