வேலை முடிந்த பெயர்

மண்வெட்டியை லாடிப்போ ஒரு பக்கம் இழுத்தான், அவனுடைய அண்ணன் டுரோசின்மி மறுபக்கம் இழுத்தார். வீட்டு முற்றத்தில் வெட்டிய குழிக்குள் அவர்களுடைய அம்மா அசாபியின் சவப்பெட்டி இறங்கியிருந்தது. மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? ஆளுக்கொரு பிடி போட்டாச்சுல்ல. மிச்சத்த நாங்க மூடிக்கிறோம்."

"என் பேர் என்னடா?"

லாடிப்போ கையை எடுத்துவிட்டான்.

டுரோசின்மி என்றால் 'இருந்து என்னைப் புதை' என்று அர்த்தம். அசாபிக்குப் பிறந்த முதல் மூன்றும் தவழ்வதற்கு முன்பே போய்விட்டன. நான்காவது பிறந்த எட்டாம் நாள், பெயர் வைக்கும்போது, அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் திட்டக் கூப்பிட்டாலும் அதையே நினைவுபடுத்தினாள். எப்பேர்ப்பட்ட பொம்பளை என்று மூத்த மருமகள், டுரோசின்மியின் மனைவி மோரெனிகேக்கு இன்றைக்கும் மலைப்புதான்.

அந்தப் பெயரே இப்போது அவளுக்கு எதிரியாகிவிட்டது. கணவருடைய இதயத்தில் ஓட்டை. அறுத்துத்தான் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. "கத்திக்குக் கீழ நான் போயிட்டா எங்கம்மா என்னைப் புதைக்கணும். நடக்காது" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். தொண்ணூறைத் தாண்டிய மாமியாரிடம் போய் இதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

டுரோசின்மி மூச்சு வாங்கினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். குழி முழுவதையும் அவரே மூடினார். பிறகு மாடு அறுத்த விருந்தும் ஆட்டமும் வாசலில் களைகட்டின. நிறைவாக வாழ்ந்து போனவளுக்கு அழுதால் அவளே எழுந்து வந்து திட்டுவாள்.

கொல்லைப்புற பெஞ்சில் தனியாக இருந்தவருக்கு மோரெனிகே களியும் குழம்பும், கை கழுவச் சொம்பில் தண்ணீரும் கொண்டுபோனாள்.

"வுரா அப்பா, சாப்பிடுங்க. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். இனிமே சாக்கு சொல்ல முடியாது."

"எதுக்கு? வந்த வேலை முடிஞ்சுது."

குரலில் வருத்தமே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாழ வந்த வீட்டில், தான் வருவதற்கு முன்பே பிறந்தவர்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. தானாக ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். கொழுந்தன் லாடிப்போ அவளுக்கு எப்போதும் 'வெள்ளைப்பல்லு'. கணவரை மட்டும் மகள் வுராவின் பெயரைச் சேர்த்தே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிட்டாள்.

தட்டைக் கீழே வைத்தாள்.

"டுரோடிமி."

அவர் நிமிர்ந்தார். 'இருந்து எனக்குத் துணையாக நில்' என்று அர்த்தம். ஊரில் வேறு யார் யாருக்கோ உண்டு அந்தப் பெயர்.

"யாரைக் கூப்பிடுற?"

"உங்களைத்தான். அம்மா வச்ச பேரு தீர்ந்துபோச்சு. இது நான் வைக்கிறது."

"கிழவனுக்குப் போய் பேர் வைக்கிறியா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு."

வாசலில் யாரோ பாட்டை ஆரம்பித்துப் பாதியில் மறந்துபோய்ச் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவ கூப்பிடு."

கூப்பிட்டாள்.

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். மோரெனிகே சொம்பைச் சாய்த்தாள். விரலிடுக்கிலிருந்த செம்மண் கரைந்து, களித்தட்டைத் தொடாமல் ஓரமாக ஓடியது.