எந்தக் கண் பார்க்கிறது

என் கண்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. இடது கண் பார்க்க வேண்டியதைப் பார்க்கும். வலது கண் வெளிப்பக்கம் ஒதுங்கி, தனக்குத் தோன்றிய திசையில் நிற்கும். எங்கள் ஆட்கள் இதை வாக்குக்கண் என்பார்கள், முகத்துக்கு நேரே. நோர்வேஜியர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கண்ணைப் பார்த்துக் கதைப்பது என்று தெரியாமல் மூக்கைப் பார்த்துக் கதைப்பார்கள். ஆறு வயதில் ஒரு தடவை, பதினொரு வயதில் ஒரு தடவை அறுவை செய்தார்கள். கண் திரும்பவும் தன் இடத்துக்கே போய்விட்டது.

இந்தக் கண்ணால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி குவாட்டர்பேக்.

நாங்கள் விளையாடுவது அமெரிக்கக் கால்பந்தின் கொடி வகை. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையால்தான் எறிவது. அணிக்கு ஐந்து பெண்கள். ஆளைப் பிடித்து விழுத்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப் பட்டியை உருவினால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். குவாட்டர்பேக் பின்னால் நிற்பாள். பந்து கைக்கு வந்து ஏழு வினாடிக்குள் அவள் அதை யாருக்காவது எறிய வேண்டும். அந்த ஏழு சட்டப் புத்தகத்தில் மட்டும்தான். பந்து அசைந்ததுமே எதிரணியில் ஒருத்தி அவளை நோக்கி ஓடி வரத் தொடங்கிவிடுவாள். உண்மையில் இருப்பது மூன்று.

மூன்று வினாடியில் யோசிக்க முடியாது. ஆகவே யோசனையெல்லாம் பந்து வருவதற்கு முன்பே. எதிரணி ஆளுக்கு ஆள் நிற்கிறதா, மைதானத்தைப் பங்கு பிரித்துக் காவல் நிற்கிறதா? தெரியாவிட்டால் என் ஆள் ஒருத்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடச் சொல்வேன். கூடவே ஒருத்தி ஓடினால் ஆளுக்கு ஆள். ஒருத்தியும் அசையாவிட்டால் பங்கு பிரித்திருக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு பங்குக்கு நடுவே எங்கோ ஒரு இடைவெளி இருக்கும். பிறகு மனதில் ஒரு வரிசை போடுவேன். முதலில் இவள், இவள் இல்லையென்றால் அவள், ஒருத்தியும் இல்லையென்றால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறி. வெளியே எறிவது தோல்வி இல்லை. இதைப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காதவளுக்குத் தூரம் பிடிபடாது. நான் தூரத்தைப் பார்ப்பதில்லை, காலடியை எண்ணுகிறேன். சுன்னிவா எங்கள் அணியில் உயரமானவள். அவள் ஐந்தாம் அடியில் திரும்புவாள் என்றால் நான்காம் அடியில் பந்து என் கையை விட்டுப் போயிருக்கும். அவள் நிற்கும் இடத்துக்கு அல்ல, வரப்போகும் இடத்துக்கு.

எதிரணியில் எல்லாருக்கும் பின்னால் நிற்பவள் சேஃப்டி. குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்து, பந்து போகுமிடத்துக்கு முன்கூட்டியே ஓடுவது அவள் வேலை. மூன்று பருவமாக பேர்கனிலும் துரொண்ட்ஹெய்மிலும் இருந்து வந்த சேஃப்டிகளில் பாதிப் பேர் என் வலது கண்ணை நம்பி ஓடினார்கள். மீதிப் பேர் இரண்டையும் பார்த்துக் குழம்பினார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களாகவே ஏமாந்தார்கள்.

செப்டெம்பர் ஞாயிறு ஒன்றில் எங்கள் எக்கெபர்க் மைதானத்துக்கு திராமன் ஊர் அணி வந்தது. மெல்லிய மழை. இரவு வேலை முடித்து இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் பயிற்சியாளர் இங்வில் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்திருந்தாள். ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்தை எதிரணி கையில் கொடுக்கும் குவாட்டர்பேக் வெளியே உட்கார வேண்டும், அடுத்தவள் இறங்குவாள். அடுத்தவள் காயா. பத்தொன்பது வயது, நல்ல கை. அடுத்த வாரம் பேர்கனில் இறுதிச் சுற்று. இன்று ஆட்டத்தை முடிப்பவள்தான் அங்கேயும் எறிவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் படிப்பிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் எழும்பிப் போனவள். அதற்கெல்லாம் வருந்தவில்லை. இந்த இடத்திலிருந்து எழும்ப எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.

நான்காவது எறியிலேயே பந்து போனது. சுன்னிவா சரியான அடியில் திரும்பினாள், பந்தும் சரியாகத்தான் போனது. ஆனால் திராமன் சேஃப்டி அங்கே ஏற்கெனவே நின்றாள், பஸ்ஸுக்கு நிற்பது போல. பந்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்து, வாய்க்காப்பைக் கழற்றினாள்.

"எடி துஷ்யா! இன்னும் இடது கண்தானே வேலை செய்யுது?"

நிலூஜா. பத்து வருடம் கழித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் இடப்பக்கம் இருந்தவள். சொல்வதெழுதலில் நான் அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவேன். நேசமணி ரீச்சர் என் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, நான் வலப்பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதாக நினைத்து அவளைத் தள்ளி இருத்துவார். உண்மை தெரிந்தவள் நிலூஜா ஒருத்திதான். ஏனென்றால் என் இடது கண் முழு நேரமும் அவள் கொப்பியில் இருந்தது.

"நீ எங்கையடி இஞ்சை?" என்றேன்.

"கலியாணம் கட்டி திராமன் வந்தனான். பிள்ளை பிறந்தாப்பிறகு உடம்பு குறைக்கலாமெண்டு சேர்ந்தன். குறையேல்லை. ஆனா இது நல்லா இருக்கு." தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். "உன்ரை கண்ணைப்பற்றி உவையளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அது எனக்கு மட்டும்."

இன்னொரு பந்து, பிறகு காயா.

நான் காயாவின் கறுப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டேன். மழைக்குள் அதில் உடனே ஆவி படிந்தது. எனக்கு இருந்த ஒரு கண்ணும் போனது.

"என்னடி, கலியாண வீட்டுக்கோ வந்தனீ?" என்று நிலூஜா அங்கிருந்து கத்தினாள். இரண்டு எறியோடு கழற்றிவிட்டேன்.

அதன் பிறகு அவள் நிற்கும் பக்கமே எறியவில்லை. சின்னச் சின்ன எறிகள், ஓரமாக, நான்கு யார்ட், ஐந்து யார்ட். மார்ட்டே என்ற சின்ன உருவத்துக்காரி அவற்றை எடுத்துக்கொண்டு ஆட்களுக்கு இடையால் நெளிந்து ஓடினாள். அழகான ஆட்டம் இல்லை. ஆனால் வேலை செய்தது. ஆட்ட நேரம் முடிந்த அதே எறியில் மார்ட்டே எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்தாள், ஆறு புள்ளி. திராமன் இருபது, நாங்கள் பத்தொன்பது.

கோட்டைக் கடந்த அணிக்கு மேலதிகமாக ஒரு எறி உண்டு, நேரம் முடிந்திருந்தாலும். கோட்டிலிருந்து ஐந்து யார்ட்டில் தொடங்கி, பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்தால் ஒரு புள்ளி. பத்து யார்ட்டில் தொடங்கினால் இரண்டு. இங்வில் ஒரு விரலைக் காட்டினாள். சமப்படுத்திவிட்டு மேலதிக நேரத்தில் பார்க்கலாம் என்று.

நான் ஓரத்துக்குப் போனேன். "இரண்டு கேட்போம்."

"ஏன்?"

"ஐந்து யார்ட்டில் எல்லாம் நெருக்கம். அந்தச் சேஃப்டி நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் அவளுக்குக் கை எட்டும். பத்து யார்ட்டில் எட்டாது. ஒரு பக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்."

"பந்து அவளிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே?"

"தெரியும்."

இங்வில் என் மூக்கைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள்.

சுன்னிவாவை வலது மூலைக்கும் மார்ட்டேயை இடது மூலைக்கும் ஓடச் சொன்னேன். இருவருக்கும் ஆறு அடி, பிறகு திரும்ப வேண்டும். வழக்கமாக இங்கே நான் வரிசை போடுவேன், முதலில் சுன்னிவா, பிறகு மார்ட்டே. இந்தத் தடவை போடவில்லை. வரிசை போட்டால் கண் அங்கே போகும். கண் போனால் நிலூஜா போவாள். அவள் பார்த்து எழுதுவதற்கு இந்த முறை என் கொப்பியில் ஒன்றும் இருக்கக் கூடாது.

பந்து கைக்கு வந்தது. நான் நிலூஜாவைப் பார்த்தேன். இடது கண்ணால், நேரே, அவள் முகத்தை. வேறு எதையும் பார்க்கவில்லை.

ஒன்று. அவள் என் கண்ணைப் பார்த்தாள். இரண்டு. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் வலப்பக்கத்தில் காலடிச் சத்தம் நெருங்கியது. என்னை நோக்கி ஓடி வருபவள். ஒரு அடி பின்னால் வைத்தேன். முகத்தைத் திருப்பவில்லை. மூன்று. "என்னத்தையடி பாக்கிறாய்!" என்று நிலூஜா கத்தினாள். கத்திக்கொண்டே உயரமானவளை நம்பி சுன்னிவாவின் பக்கம் ஒரு கால் வைத்தாள்.

ஒரு கால் போதும். நான் இடது மூலைக்கு எறிந்தேன், அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல். ஆறாம் அடி வந்திருக்கும் என்பது கணக்கு. என் இடுப்புப் பட்டி உருவப்படும் சத்தம் கேட்டது. அப்போது கை காலி. மார்ட்டே அலறுவதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினேன். பந்தை வயிற்றோடு அணைத்தபடி கோட்டுக்கு அப்பால் ஈரப் புல்லில் இருந்தாள்.

இருபத்தொன்றுக்கு இருபது. சந்தோஷமாக இருந்தது. அதைப் பெரிதாக விவரிக்க எனக்குத் தெரியாது. பசித்தது.

ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையில் கை கொடுக்கும்போது நிலூஜா என் கையை விடவில்லை.

"நான் அந்தப் பக்கம் போவனெண்டு உனக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது. நீ போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"போகாட்டி?"

"வெளியிலை எறிஞ்சிருப்பன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"சீ!" என்றாள். "நான் ஏதோ பெரிய மூளையெண்டு நினைச்சிட்டன்." பிறகு என் இடது கண்ணையே பார்த்துச் சிரித்தாள். யோசித்துப் பார்த்தால், மூக்கைப் பார்க்காமல் என்னோடு கதைப்பவர்கள் அதிகம் இல்லை. "பேர்கனிலை நாங்களும் நிப்பம். அங்கை உன்ரை காலைப் பாப்பன், சொல்லிப்போட்டன்."

"பார். நானும் உன்ரை காலைத்தான் பாக்கப் போறன்."

இங்வில் கூடாரத்துக்குள் மடிக்கணினியோடு இருந்தாள். பேர்கன் விமானச் சீட்டுக்குப் பெயர் பதிய வேண்டுமாம், கடவுச்சீட்டில் இருப்பது போலவே. சுன்னிவாவுக்கும் மார்ட்டேக்கும் அரை நிமிடம் பிடித்தது. காயாவுக்கும் அப்படித்தான், அவளும் வருகிறாள், மாற்று ஆளாக.

"குவாட்டர்பேக்," என்றாள் இங்வில் என்னைப் பார்த்து. "முழுப் பெயர்?"

என் அப்பாவின் பெயர் இந்திரகுமார். கூடவே என் பெயர். நோர்வேஜிய மொழியில் அதை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னால்தான் பிழையில்லாமல் எழுதுவார்கள். மழை கூடாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.