நோன்பு மாதிரி

"காலைல நோன்பு மாதிரி இருந்துட்டு வாங்கம்மா" என்று நர்ஸ் ஜெயந்தினி போன வாரம் சொல்லி அனுப்பினாள். எனக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். நான் முக்காடு போட்டவள், சட்டென்று விளங்கட்டும் என்றுதான் பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் நோன்பு பிடித்த இந்த ஸுலைஹாவுக்கு அது விளங்காதா என்ன?

விடியுமுன் சஹருக்கு எழும்பி, இரண்டு துண்டு பாண் தின்று, நோன்புக்கு நிய்யத்தும் வைத்துக்கொண்டு பொகவந்தலாவையில் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நான் பெரிய மகராசி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று ஆஸ்பத்திரியில் ஜெயந்தினி கேட்டாள்.

"நோன்புல எங்க மகள் தண்ணி?"

அவள் தலையில் கை வைத்தாள். "ஐயோ! நாங்க விரதம் இருந்தா தண்ணி குடிப்போமே. அத நெனச்சுல்ல சொன்னேன். தண்ணி இல்லாத ஒடம்புல ஸ்கேன் மருந்து ஏத்துனா கிட்னிக்கு ஆகாதும்மா. வீட்டுல யாரும் சொல்லலையா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் சுவர்தான் இருக்கிறது, அது பேசாது. என் மனுஷன் முனாப் மவுத்தாகி இரண்டு ரமழான் போய்விட்டது. மகள் இஷ்ரா கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவாள். அவளிடம் ரத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு முடியாது, அடுத்த மாதம் வரட்டும் என்று உள்ளேயிருந்து டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு மாதம் அந்தச் சிவப்பைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? "பயமா இருக்கு மகள்" என்று சொல்லியே விட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் உள்ளே போய்க் கெஞ்சிவிட்டுப் பெரிய போத்தலோடு வந்தாள்.

"கடைசி ஆளா எடுக்குறேன்னு சொல்லிட்டாரு. இத முழுக்கக் குடிச்சுட்டு, ஒன்னுக்குப் போகாம அடக்கிக்கங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். எம்மேலதானே பெசகு."

வாங்குப் பலகையில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பிஸ்மி சொல்லி முதல் மிடறு குடித்தேன். முனாப் போனதிலிருந்து நான் நோன்பு திறக்கையில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, குடிக்க முடியலையா?"

"முடியும் மகள்."

போத்தல் வேகமாகத்தான் காலியாகிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவள் எழுந்து போய்விடுவாள். எனக்கு ஸ்கேனும் வேண்டும், அவளும் வேண்டும். கடைசி மிடறை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.