பால் நுழையாத கடை

தன் அடக்கம் முடிந்த ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஆனிமேரி காளவாசலில் தன் கணவர் ஸ்டீபன் நடத்தும் கடைக்கு வந்து மூன்றாம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பின் எழுந்திருக்கவில்லை.

ஸ்டீபன் இருபத்திரண்டு வருடம் நியூயார்க்கில் ஒரு யூதர் சாப்பாட்டுக் கடையில் கறி அரிந்தவர். சரியான காகிதம் இல்லாமல் தங்கியிருந்ததால், கிளம்பினால் திரும்பப் போக முடியாது. அப்படியே வருடங்கள் ஓடின. ஞாயிறுதோறும் போனில் மனைவிக்கு அந்தக் கடையின் சாப்பாட்டைத்தான் சொல்லுவார். நானும் ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடணும் என்பாள் அவள். அவர் ஊர் வந்து சேர்ந்தபோது ஆனையூர்க் கல்லறையில் அவள்மேல் போட்ட மண் காய்ந்திருந்தது. மகள் ஐரின் அவரிடம் பேசவில்லை. அவரும் என்ன செய்வார் பாவம், தெரிந்த ஒரே வேலையை வைத்துக் கடை போட்டார். மிளகும் உப்பும் ஏற்றிப் புகைபோட்ட மாட்டுக்கறி, உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய், புளிப்பில்லாத அப்பத்தைப் பொடித்து உருட்டிப் போட்ட கோழி சூப். கறி விற்கும் இடத்தில் பால் கூடாது என்பது அந்தச் சாப்பாட்டின் சட்டம். அதனால் டீ கிடையாது. மதுரையில் டீ இல்லாத சாப்பாட்டுக் கடை என்று ஊரே கேலி பேசியது. திறந்த மறுநாள்தான் ஆனிமேரி வந்தாள்.

பதினோரு வாரம் அதே நாற்காலியில் இருந்தாள். பேசவில்லை. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு, ஒரு சூப் குடித்துவிட்டுப் போனார். கூட்ட நேரத்தில் யாராவது கேட்டால் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொள்வாள். ஸ்டீபன் தினமும் புதுத் தட்டு வைத்தார். கடையை அடைக்கும்போது அவளுக்காக ஒரு விளக்கை எரியவிட்டுப் போனார்.

கடைசியில் ஐரின் வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு நேராக வந்தவள், அம்மாவின் எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய், கறி அரியும் பலகைக்கு அருகே நின்றாள்.

"அம்மா டீக்காகத்தான் உக்காந்திருக்குப்பா. சாப்பிட்டா டீ குடிக்காம அது எந்திரிக்காது."

ஸ்டீபன் கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும் தாயி. மொத நாளே தெரியும். குடிச்சா எந்திரிச்சுப் போயிருவால்ல."

ஐரினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. அம்மாவின் கணுக்காலைக் காட்டி, "இம்புட்டு வீங்கிப் போச்சுப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அவரே சாலையைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். ஆனிமேரிக்குப் பிடித்தபடி சீனி தூக்கலாக ஒரு டீ போடச் சொல்லி, சட்டத்தை மீறி, தன் கையாலேயே கடைக்குள் கொண்டுவந்து வைத்தார். ஆனிமேரி ஒரு வாய் குடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீனி போட்டுட்டீக. எனக்குச் சுகர் வந்து ஒம்பது வருசமாச்சு."

போனில் அதை அவரிடம் சொல்லக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இருந்தாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். கிளாஸை வைத்து, சேலையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள். வெளியே மாட்டுத்தாவணி பஸ் நின்றது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது அந்த நாற்காலியில் மற்றவர்கள் உட்காருகிறார்கள். சாப்பிட்ட பின் யார் டீ கேட்டாலும் ஸ்டீபனே எதிர்க்கடைக்குப் போய் வாங்கிவருகிறார். போகும் முன் ஒவ்வொருவரிடமும் சீனி போடலாமா என்று கேட்டுக்கொள்கிறார்.