இருநூறுக்குக் கீழே

ஆறு மணிச் சங்கு ஊதும்போதே சாந்த் பாஷாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. போச்சம்பள்ளி ஷூ கம்பெனியில் சோல் அமுக்கும் பிரஸ்ஸில் பன்னிரண்டு வருஷம். சூடான ரப்பர், பசை நெடி, நிமிடத்துக்கு மூன்று ஜோடி.

இன்று கம்பெனியில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை. போன மாதம் இருநூறுக்கு மேல் காட்டிய மூன்று பேரை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். லைனில் வேகம் குறைகிறதாம், இன்சூரன்ஸ் செலவு ஏறுகிறதாம். அதனால் பாஷா நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. விடியுமுன் மனைவி காத்தூன் வைத்த இட்லியைத் தள்ளிவிட்டு, ஒரு சர்க்கரை மாத்திரைக்கு இரண்டாக விழுங்கி பஸ் ஏறினான்.

"வெறும் வயித்தோடவா வந்த பாய்?" பக்கத்தில் பசை தடவும் சரோஜம்மாள் கேட்டாள்.

"நம்பர் இறங்கணுமேக்கா."

"நம்பர் இறங்கும். நீ மேல போயிருவ."

எட்டரைக்கு, பிரஸ் தகடு இறங்கும் நேரத்தில் பாஷாவுக்குக் கண் இருண்டது. சரோஜம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கை தப்பியது. ஆனாலும் இரண்டு விரல் நுனி நசுங்கியது. ஓடிவந்த சூப்பர்வைசர் மூர்த்தி முதலில் பிரஸ்ஸைத் தடவிப் பார்த்தான்.

பரிசோதனைக்கு வந்த நர்ஸ் மறு கையில் குத்தினாள். நாற்பத்தெட்டு. சரோஜம்மாள் சர்க்கரை கரைத்த டீயை அவன் வாயில் ஊற்றினாள்.

மேனேஜர் சௌந்தரராஜன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நின்றார். "ரத்தத்தைத் துடைங்க. லைன் ஓடட்டும்."

"நாப்பத்தெட்டுங்க சார். இருநூறுக்குக் கீழதான்." தரையில் கிடந்தபடி சொன்ன பாஷாவுக்குத் தன் குரலே குமட்டியது.

"குறைஞ்சாலும் அன்ஃபிட்தான்ப்பா. நாளைலருந்து வரவேணாம்."

"ஏறுனாலும் வெளிய, இறங்குனாலும் வெளிய. கால் மணி நேர இடைவேளைல சோத்து மலையை முழுங்க வச்சது யாரு சார்? வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாத்துனது யாரு?" என்றாள் சரோஜம்மாள்.

"வியாதி உங்க வீட்டுச் சாப்பாட்டுல வர்றதும்மா."

"வீட்ல எப்ப சார் சாப்பிட்டோம்?"

யாரோ சிரித்தார்கள். லைனில் ஓடிய பெல்ட் நின்றது. நிறுத்தியது யாரென்று மூர்த்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நர்ஸ் தயங்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். வெங்கடப்பன், வயது இருபத்துமூன்று, ஒரு நோயும் இல்லாதவன். அவன் நாற்காலிக்குப் போகவில்லை. பாஷாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மொதல்ல ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. அப்புறம் பாயும் அந்த மூணு பேரும் வேலைக்கு வரட்டும். அதுக்கப்புறம் விரல் நீட்டறேன்."

அடுத்தடுத்த பெயர்களும் தரைக்கே வந்தன.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஷிஃப்டில் இருந்த எழுபது பேரும் பாஷாவோடு கேட் வரை நடந்தார்கள். அவன் போன பிறகும் யாரும் உள்ளே திரும்பவில்லை. மத்தியானம் இரண்டாம் ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் விஷயத்தைக் கேட்டார்கள். பிறகு சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களும் கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்தார்கள்.